கடலடியை எண்ண எந்தக் கணினி?

கீழவைப்பாருக்கு எதிரே, கடலுக்குள் இருக்கிறது காரைச்சல்லித் தீவு. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் சேர்ந்த 21 தீவுகளில் அதுவும் ஒன்று. ஆண்டுக்காண்டு அலை அரித்துச் சிறுத்துக்கொண்டே வருகிறது. அதே கூட்டத்தைச் சேர்ந்த விலாங்குச்சல்லி முன்பே நீருக்குள் போய்விட்டது. இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பவளப்பாறைகள். வனத்துறை அனுமதியோடு அங்கே இறங்கும் ஆய்வு மாணவர்கள், கடலடியில் அளவு நாடாவை விரித்து, அதன் ஓரமாகச் சதுரச் சட்டம் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு கரைக்கு வருவார்கள். நீருக்கடியில் ஆகிற வேலை சில மணி நேரம். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஆகிற வேலை முழுவதும் கணினியில்.

பிளஸ் டூ முடித்த பிள்ளையை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்க்கும் வீடுகளில், ஜூன் மாதம் பிறந்தால் ஒரே பேச்சு: எந்த லேப்டாப் வாங்குவது? கடைக்காரர் பிராசசரின் பெயரைச் சொல்வார், சித்தப்பா பிராண்டின் பெயரைச் சொல்வார். பிள்ளை அந்தக் கணினியில் மூன்று, ஐந்து ஆண்டுகள் என்ன செய்யப்போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டால், பேச்சு வன்பொருளிலிருந்து விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்கு நகரும். அறிவியல் மாணவருக்கு அதுதான் முதலில் தீர்க்க வேண்டிய விஷயம்.

காரைச்சல்லியில் எடுத்த அந்தப் படங்களையே எடுத்துக்கொள்வோம். பவள ஆய்வில் உலகெங்கும் புழங்கும் ஓர் இலவச மென்பொருள் சிபிசிஇ. அமெரிக்காவின் நோவா சவுத்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கோலர், கில் என்ற இருவர் உருவாக்கி, 2006இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு படத்தைத் திறந்தால், அதன்மீது புள்ளிகளை எங்கெங்கோ வாரி இறைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் இருப்பது என்ன என்று மாணவர் சொல்ல வேண்டும். உயிருள்ள பவளமா, செத்த பவளத்தின்மேல் படர்ந்த பாசியா, மணலா, கடற்புல்லா? நூற்றுக்கணக்கான படங்களில் இப்படிக் குறித்து முடித்தால், உயிருள்ள பவளம் இத்தனை சதவீதம் என்ற கணக்கை எக்செல் கோப்பாகத் தந்துவிடும். நல்ல மென்பொருள்தான். ஆனால் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. மேக்கிலும் லினக்ஸிலும் நேரடியாக ஓடாது.

சதவீதம் என்பது சின்ன விஷயமில்லை. 2016இல் கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளிறிப்போயின. உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து சுமார் 23 சதவீதமாக விழுந்தது என்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டார்கள். நாடா விரித்து, ஒவ்வோர் இடமாக எண்ணித்தான் இப்படிப்பட்ட எண்கள் கிடைக்கின்றன.

எண்ணுவது இந்தக் கடற்கரைக்குப் புதிதும் இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், சிப்பி விளைந்திருக்கிறது என்று முதலில் ஆட்களை இறக்கிப் பார்ப்பார்கள். மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்து, உடைத்து, கிடைத்த முத்துகளின் மதிப்பைக் கணக்கிட்டு, அந்த ஆண்டு சலாபம் என்னும் முத்துக்குளிப்பை நடத்தலாமா வேண்டாமா என்று அரசு முடிவு செய்யும். தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பின்பு 1973இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். மாதிரி எடுத்து, அதைக் கொண்டு முழுப் பரப்பையும் மதிப்பிடும் அந்தப் பழைய முறையைத்தான் இன்றைய மாணவர் மென்பொருளில் செய்கிறார்.

சரி, சிபிசிஇக்காக விண்டோஸ் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? தீரவில்லை. சிபிசிஇயில் பவளத்தை எண்ணிய மாணவி ஒருவர் முதுகலை இரண்டாம் ஆண்டில், காரைச்சல்லியைச் சுற்றியுள்ள கடல்நீரில் பச்சையம் எவ்வளவு என்று செயற்கைக்கோள் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும். கடலில் பச்சையம் இருந்தால் நுண்பாசி இருக்கிறது என்று பொருள். நுண்பாசி இருக்கும் இடத்துக்கு அதைத் தின்னும் உயிர்கள் வரும், அவற்றைத் தின்ன மீன் வரும். ஹைதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இன்கோய்ஸ் நிறுவனம், எந்தப் பக்கம் எத்தனை தூரத்தில் மீன் கூடக்கூடும் என்று மீனவர்களுக்குத் தகவல் அனுப்புகிறதே, அதற்கு அடிப்படை கடல்மேற்பரப்பின் வெப்பமும் இந்தப் பச்சையக் கணக்கும்தான். இஸ்ரோ 2022 நவம்பரில் ஏவிய ஓஷன்சாட்-3இலும் கடலின் நிறத்தை அளக்கும் கருவி இருக்கிறது.

கடலின் நிறத்தைப் பதிவு செய்த செயற்கைக்கோள் தரவைப் பிரித்துப் படிக்க நாசா கொடுக்கும் இலவச மென்பொருளின் பெயர் சீடாஸ். படத்தைத் திறந்து பார்ப்பதற்கு விண்டோஸ் போதும். ஆனால் மூலத் தரவிலிருந்து பச்சையத்தின் அளவைக் கணக்கிட்டு எடுக்கும் பகுதி லினக்ஸிலும் மேக்கிலும் ஓடுவதற்காகவே எழுதப்பட்டது. விண்டோஸ்காரர்கள் அதற்குள்ளேயே ஒரு லினக்ஸை நிறுவிக்கொண்டுதான் அந்தக் கணக்கைப் போட முடியும்.

ஒரே தீவு, ஒரே மாணவி. ஒரு வேலைக்கு விண்டோஸ், இன்னொன்றுக்கு லினக்ஸ்.

கடல் உயிரியலுக்கு மட்டும் நேர்கிற கதை இல்லை இது. வேதியியல், இயற்பியல் துறைகளில் இதையே வேறு உருவத்தில் பார்க்கலாம். ஆய்வகத்தில் நிறமாலைமானியோடு இணைத்திருக்கும் கணினி பெரும்பாலும் விண்டோஸ்தான். அதுவும் கருவி வாங்கிய ஆண்டின் விண்டோஸ். எக்ஸ்பியையும் விண்டோஸ் 7ஐயும் இன்னும் அங்கே பார்க்கலாம். கருவி நிறுவனம் கொடுத்த மென்பொருள் அதில்தான் ஓடும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ், லேம்ப்ஸ், படிகங்களின் எலெக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ போன்றவை லினக்ஸ் வீட்டுப் பிள்ளைகள். பெரிய கணக்கு என்றால் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினித் தொகுதிக்கு அனுப்ப வேண்டும். அங்கே மவுஸ் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில், 2017 நவம்பரிலிருந்து ஐந்நூறும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. புயல் எங்கே கரை கடக்கும் என்று கணக்கிடும் இந்திய வானிலைத் துறையினரின் மீக்கணினிகளும் அப்படித்தான்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு வாய்ப்பு, கேட்காமலே, கைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே பலர் அதை அழித்தும் விட்டார்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்தது. பின்னால் பாஸ் லினக்ஸ் அதில் நிலையான இடம் பிடித்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. டெபியன் என்ற லினக்ஸின்மேல் கட்டப்பட்டு, 2007இல் முதல் பதிப்பு வெளிவந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பட்டிகளும் தட்டச்சும் உண்டு.

கணினி கைக்கு வந்த வாரமே பல பிள்ளைகள் போன இடம் பக்கத்து சர்வீஸ் கடை.

“அண்ணாச்சி, இதுல ஏதோ பாஸுன்னு வருது. அதைத் தூக்கிட்டு முழுசா விண்டோஸ் போட்டுத் தருவீங்களா?”

“அதுக்கென்ன தம்பி, சாயங்காலம் வந்து வாங்கிக்கோ. படமும் ஏத்தித் தரவா?”

அண்ணாச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளியில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிள்ளைக்கு வேண்டியது விளையாட்டும் சினிமாவும். கடையில் ஏறியது பெரும்பாலும் உரிமம் இல்லாத, கிராக் செய்த விண்டோஸ். இப்படி ஏற்றியதோடு சேர்ந்து வைரஸும் வரும் என்று பிறகு தெரிந்துகொண்டவர்கள் அநேகம். அரசு நல்ல எண்ணத்தோடு ஒரு வாசலைத் திறந்து வைத்தது, ஆனால் அதன் வழியாக எங்கே போகலாம் என்று காட்ட மறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கேரளத்தில் நிலைமை வேறு. அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டம், பள்ளிப் பாடப்புத்தகத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் லினக்ஸை வைத்தே அமைத்தது. கணினியோடு கற்பிக்கும் ஏற்பாடும் சேர்ந்து வந்ததால் அது நிலைத்தது.

அதே வாய்ப்பு இப்போது மறுபடி வந்திருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. முதல் ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை 2,000 கோடி ரூபாய். எல்காட் கேட்ட ஒப்பந்தப்புள்ளியின்படி 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, கூடவே பாஸ் லினக்ஸ். இம்முறை பெறுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். அறிவியல் படிக்கிறவர்களாவது, அந்த இரண்டாவது பகுதியைத் தூக்கச் சொல்லி அண்ணாச்சியிடம் ஓடாமல் இருக்கலாம்.

அரசுக் கணினி கிடைக்காதவர்கள் சொந்தமாக வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? முதலில், சேரப்போகும் துறைக்குப் போய், மேல் வகுப்பில் படிக்கும் ஓர் அக்காவிடமோ அண்ணனிடமோ “உங்க லேப்ல என்ன சாஃப்ட்வேர் ஓட்டுறீங்க?” என்று கேட்பது. இந்த ஒரு கேள்வி பத்து யூடியூப் விமர்சனங்களைவிட அதிகம் சொல்லிவிடும். புவியியல் துறையில் ஆர்க்ஜிஐஎஸ் புரோ கட்டாயம் என்றால் அது விண்டோஸ் மட்டுமே. கணிதத் துறையில் லாடெக்கும் பைத்தானும் போதும் என்றால் எதுவும் சரி. மேக் அழகான கணினி, பேட்டரி நாள் முழுக்க நிற்கும். ஆனால் அதன் விலையில் பாதிக்குக் கிடைக்கும் கணினியில் ஓடும் சில மென்பொருள்கள் அதில் ஓடாது. வாங்கிவிட்டு அதைத் தெரிந்துகொள்வது கஷ்டம்.

அடுத்தது நினைவகம். கடைக்காரர் பிராசசரின் தலைமுறையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். ஆனால் இளநிலை அறிவியல் மாணவருக்குப் பிராசசரைவிட ரேமும் எஸ்எஸ்டியும்தான் அன்றாடம் உறைக்கும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுக்கும் ஒரு படத்தொகுப்பு ஏறக்குறைய ஒரு ஜிபி இருக்கும். அதில் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு ஹெக்டேர் தீவு என்றால் நூறு கட்டங்கள். பழைய லேண்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர். அதே ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய பதினொரு கட்டங்களில் அடங்கிவிடும். காரைச்சல்லி போன்ற குட்டித் தீவு எவ்வளவு கரைந்தது என்று பார்க்க நுட்பமான படமே வேண்டும். பல ஆண்டுப் படங்களை அடுக்கி ஒப்பிட வேண்டும். பத்துப் படங்களைச் சேர்த்துத் திறந்தால் 8 ஜிபி ரேம் மூச்சுத் திணறும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. அது முடியாவிட்டால், பின்னால் ரேம் சேர்க்க இடமுள்ள மாடலாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். அவற்றில் வாங்கியது வாங்கியதுதான்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. உப்பளமும் துறைமுகமும் சூழ்ந்த ஊரில் காற்றே உப்பு. லேப்டாப்பின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. ஈரமான உப்புக்காற்று பலகையில் படிந்தால், செம்பு இணைப்புகளில் பச்சையாகக் களிம்பு ஏறும். யுஎஸ்பி துளைகளின் ஓரம் துருப்பிடிக்கும். சார்ஜ் ஏறாமல் கடைக்குப் போகும் கணினியைத் திறந்தால் இதுதான் கண்ணில் படும். கரையோர வீடுகளில், பயன்படுத்தாத நேரத்தில் கணினியை மூடிய பைக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. படகில் எடுத்துப் போவதை அறவே தவிர்க்கலாம். களத்தில் குறிப்பெடுக்க, நீர் புகாத உறை போட்ட போன் போதும்.

புதிதாக வாங்க வசதியில்லாத வீட்டில், பெரும்பாலும் ஒரு பழைய லேப்டாப் பரணில் கிடக்கும். அக்கா பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். அக்காவின் லேப்டாப்பில் அது பெரும்பாலும் இருக்காது. அதற்காக அதை எடைக்குப் போட வேண்டியதில்லை. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மின்ட் போலவோ லுபுண்டு போலவோ எடை குறைந்த லினக்ஸை நிறுவினால், இளநிலைப் படிப்பை அதிலேயே ஓட்டிவிடலாம். புள்ளியியலுக்கு ஆர், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், படங்களில் அளவெடுக்க இமேஜ்ஜே, கட்டுரை எழுத லிப்ரெஆபீஸ். எல்லாம் இலவசம், கிராக் தேடி அலைய வேண்டாம். இவை விண்டோஸிலும் ஓடும் என்பதால், நாளைக்குக் கணினி மாறினாலும் கற்றது வீணாகாது.

ஆர் மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் வகுப்பில் கற்பிக்கவென்று தொண்ணூறுகளில் உருவாக்கியது அது. இன்று சூழலியல் ஆய்வுக் கட்டுரைகளில் அது இல்லாத இடம் குறைவு. முதலில் பயமுறுத்தும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் சிவப்பு எழுத்தில் திட்டும். ஆனால் ஒருமுறை எழுதிய கணக்கை, அடுத்த ஆண்டுத் தரவுக்கும் அப்படியே ஓட்டலாம். எக்செலில் மவுஸால் செய்த வேலையை அடுத்த ஆண்டு திருப்பிச் செய்யச் சொன்னால், செய்தவருக்கே நினைவிருக்காது. இப்படிப்பட்ட கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் கற்கவும் வழி இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ், பைத்தான், லிப்ரெஆபீஸ், லாடெக் போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலில் பாடங்கள் உண்டு. கணியம் என்ற தமிழ் மின்னிதழ் 2012லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது.

லினக்ஸுக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோன்றலாம். கொஞ்சம் அப்படித்தான். அதற்கு ஆய்வகத்துப் பென்டிரைவ் ஒரு காரணம். கருவியோடு இணைந்த பழைய விண்டோஸ் கணினியில் பென்டிரைவைச் செருகி, அளவீட்டை எடுத்து வந்து திறந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறிக் கிடக்கும். அறியாமல் ஒன்றைச் சொடுக்கினால், வைரஸ் நம் விண்டோஸுக்குள்ளும் ஏறிவிடும். அதே பென்டிரைவை லினக்ஸில் திறந்தால், மறைத்துவைத்த உண்மையான ஃபோல்டர்களும் பெரும்பாலும் கண்ணில் படும், வைரஸ் கோப்பு ஓட வழியில்லாமல் சும்மா கிடக்கும். தரவை எடுத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம்.

ஆனாலும் விண்டோஸை அடியோடு விட்டுவிடச் சொல்வது நியாயமில்லை. சிபிசிஇ இருக்கிறது. கல்லூரி அலுவலகம் கேட்கும் வேர்டு படிவங்கள் இருக்கின்றன. லிப்ரெஆபீஸில் தட்டிய தமிழ் ஆய்வேட்டை வழிகாட்டிப் பேராசிரியர் வேர்டில் திறக்கும்போது அட்டவணை கலைந்து நிற்பதும் நடக்கிறது. அதனால் முதலாம் ஆண்டு அறிவியல் மாணவருக்கு நடைமுறையில் ஒத்துவருவது இரண்டும் இருக்கும் கணினி. வட்டை இரண்டாகப் பிரித்து, இயக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். அதற்குத் தயக்கம் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதியை மைக்ரோசாஃப்டே 2016லிருந்து தருகிறது. சீடாஸ் கணக்கையும் அதில் போடலாம். ரேம் மட்டும் சற்றுத் தாராளமாக வேண்டும்.

லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் ஆசைப்படுகிறவர்கள், எதையும் அழிக்காமல், ஒரு பென்டிரைவில் அதை எழுதி அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, ஒலி வருகிறதா, தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பிடித்துப்போய் நிறுவ முடிவு செய்தால், முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறொரு வட்டில் நகல் எடுத்துவைக்க வேண்டும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், வட்டு முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிரிவுகளை மாற்றினால் அது 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். நிறுவத் தொடங்குவதற்கு முன்பே அதைப் பார்த்து, நோட்டில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் சர்வீஸ் கடை அண்ணாச்சியாலும் பூட்டைத் திறக்க முடியாது.